மூன்றில் ஒரு பங்கு... எதில்?

முதலில் ஒரு கணக்கு. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் பிள்ளைகளுக்கானதுதான், பயம் வேண்டாம்.

மெய்லிங் தன்னிடம் இருந்த பணத்தில் 2/5 பங்கைப் புத்தகங்களுக்குச் செலவழித்தாள். மீதியில் 1/3 பங்கைத் தம்பிக்குக் கொடுத்தாள். இப்போது அவளிடம் 48 வெள்ளி இருக்கிறது. முதலில் எவ்வளவு வைத்திருந்தாள்?

விடை 120 வெள்ளி. ஆனால் 180 என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகும் பிள்ளைகள் நிறைய. அந்த 180 எப்படி வந்தது என்று பார்த்தால் பாவமாக இருக்கும். 2/5, 1/3 இரண்டையும் கூட்டினால் 11/15. ஒன்றிலிருந்து கழித்தால் 4/15. அது 48 வெள்ளி. அப்படியானால் 1/15 என்பது 12 வெள்ளி. பதினைந்து பன்னிரண்டு நூற்று எண்பது. பகுதி எண்களைச் சமமாக்கியது சரி. கூட்டியது சரி. கழித்தது, வகுத்தது, பெருக்கியது எல்லாம் சரி. நான்கு வருடம் பள்ளியில் கற்றுக்கொண்ட எல்லா வித்தையையும் பிழையில்லாமல் செய்து காட்டியிருக்கிறது அந்தப் பிள்ளை. 'மீதியில்' என்ற ஒரு சொல்லை மட்டும் தாண்டிப் போய்விட்டது.

இதில் பெரிய கொடுமை, தப்பு விடை அழகாக வந்ததுதான். 173.6 என்று வந்திருந்தால் பிள்ளைக்கே சந்தேகம் தட்டும். 180 என்று முழு எண்ணாக வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

பின்னக் கணக்குகளிலும் விழுக்காட்டுக் கணக்குகளிலும் பிள்ளைகள் சறுக்கும் இடம் பெரும்பாலும் இது ஒன்றுதான். 1/3 என்றால் எதில் 1/3? 20 விழுக்காடு என்றால் எதில் 20 விழுக்காடு? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு மற்றதெல்லாம் வெறும் வாய்ப்பாடு. கேட்கத் தெரியாத பிள்ளைக்கு எத்தனை பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் 180தான் வரும். இருந்தும் வீட்டிலும் துணைப்பாட வகுப்பிலும் இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

சிங்கப்பூரில் இது விளையாட்டு விஷயம் இல்லை. தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வை வைத்துத்தான் பிள்ளை எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் என்பது முடிவாகிறது. 2021 முதல் நான்கு பாடங்களுக்கும் 1 முதல் 8 வரை அடைவு நிலை கொடுக்கிறார்கள். கணக்கில் முதல் நிலை வேண்டும் என்றால் 90 மதிப்பெண்ணாவது எடுக்க வேண்டும். இரண்டாம் தாளின் கடைசியில் வரும் பெரிய கணக்குகள் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு, ஐந்து மதிப்பெண். அதில் மூன்று கணக்கில் 'மீதியில்' என்ற சொல்லைத் தவறவிட்டால் போச்சு. தாமதமாகவே வேலையிலிருந்து வரும் அப்பா, சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் பிள்ளையுடன் உட்கார்ந்து கணக்குப் போடுவது இதனால்தான். அப்புறம் இரண்டு பேருக்கும் சண்டை வருவதும் இதனால்தான்.

அந்தச் சண்டைக்கு வருமுன் கொஞ்சம் பழைய கதை.

1981ல் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் சுமார் 17,000 பேருக்கு ஒரு சோதனை வைத்தார்கள். கணக்கில் எங்கே இடறுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்காக. வந்த முடிவுகளில் ஒன்று இன்றைக்குப் படித்தாலும் சுருக்கென்று குத்தும். 'மொத்தம்', 'மீதம்' போன்ற துப்புச் சொற்கள் கேள்வியிலேயே இருந்தபோது, தொடக்கநிலை 2 முதல் 4 வரை படித்தவர்களில் 87 விழுக்காட்டினர் சரியாகப் போட்டார்கள். அந்தச் சொற்கள் இல்லாத கேள்விகளில் 46 விழுக்காட்டினர்தான். அதாவது பாதிப் பிள்ளைகள் கதையைப் படிக்கவே இல்லை, சொல்லைத் தேடியிருக்கிறார்கள். 'மொத்தம்' என்று கண்ணில் பட்டால் கூட்டு, 'மீதம்' என்று பட்டால் கழி. அவ்வளவுதான் அவர்களுக்குக் கணக்கு.

அதற்கு மருந்தாக வந்ததுதான் இன்று உலகம் முழுக்க சிங்கப்பூர் கணிதம் என்று பேசப்படும் கட்டப்பட முறை. பிள்ளைகள் 'மாடல்' என்பார்கள். கோ டெக் ஹோங் தலைமையில் பாடநூல் எழுதிய குழு 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. தெரியாத தொகையை ஒரு நீளமான பட்டையாக வரைய வேண்டும். கதையில் சொன்னபடி அதைக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். வேறு பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

மெய்லிங் கணக்கையே வரையலாம். ஒரு பட்டை. அதுதான் அவளுடைய மொத்தப் பணம். ஐந்து சம கட்டமாகப் பிரித்து இரண்டு கட்டத்தை அடித்துவிடுங்கள், புத்தகம். மிச்சம் மூன்று கட்டம். "மீதியில் 1/3" என்கிறது கேள்வி. மீதி கண் முன்னால் மூன்று கட்டமாக இருக்கிறது, அதில் மூன்றில் ஒன்று என்றால் ஒரு கட்டம். அதையும் அடித்தால் இரண்டு கட்டம் மிச்சம். இரண்டு கட்டம் 48 என்றால் ஒரு கட்டம் 24, ஐந்து கட்டம் 120. எங்குமே பின்னத்தைக் கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை!

இந்த முறையின் உண்மையான பலம் படம் அழகாக இருப்பது அல்ல. எதைப் பிரிக்கிறோம் என்று முடிவு செய்யாமல் கோடு போடவே முடியாது. பென்சில் காகிதத்தில் பட வேண்டுமானால் முதலில் "எது முழுசு?" என்று தீர்மானித்தாக வேண்டும். தப்பாகத் தீர்மானித்தாலும் தப்பு கண்ணுக்குத் தெரியும். 2/5 + 1/3 என்று எழுதும்போது அந்தத் தீர்மானத்தை யாரும் கேட்பதில்லை. இரண்டு பின்னங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டால் கூட்டத்தானே தோன்றும்?

இப்போது சாப்பாட்டு மேசைக்கு வரலாம்.

அப்பா தமிழ்நாட்டிலோ வேறெங்கோ படித்தவர். பொறியியல், கணினி என்று பெரிய படிப்பு. கட்டமெல்லாம் அவருக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரிகிறது.

"முதல்ல இருந்த பணத்தை x-னு வச்சுக்கோம்மா."

"ஸ்கூல்ல இப்படிச் சொல்லித் தரலப்பா."

"எப்படிப் போட்டா என்ன, விடை வந்தா சரிதானே."

அவர் விறுவிறுவென்று x − 2x/5 − (1/3)(3x/5) = 48 என்று எழுதி, மூன்றே வரியில் 120 என்று முடித்துவிடுவார். அவர் செய்தது முழுக்கச் சரி. தேர்விலும் எந்த வழியாக இருந்தாலும் முறை சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு. பிரச்சினை மறுநாள்தான். அதே மாதிரிக் கணக்கைப் பிள்ளை தனியாகப் போடுகிறது. x − 2/5 − 1/3 = 48 என்று எழுதி, x என்பது 48 11/15 வெள்ளி என்று விடை தருகிறது. அறுபது வெள்ளிக்குக்கூட வழியில்லாத மெய்லிங்!

அப்பா எழுதிய 2x/5ல் அந்த x ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. 'x-ல் 2/5' என்பதன் சுருக்கம் அது. அப்பாவுக்கு அது பழகிப்போனதால் கண்ணிலேயே படுவதில்லை. 3x/5 எங்கிருந்து குதித்தது என்றால், "அதாம்மா மீதி" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருப்பார். கணக்கின் உயிரே அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. அதை அவர் மனசுக்குள் போட்டுவிட்டு, வெளியே எழுதிக் காட்டியதெல்லாம் கூலி வேலை. x எழுதக் கற்றால் பிள்ளை பெரிய ஆளாகிவிடும் என்பது ஒரு மயக்கம். 'எதில்' என்று தெரியாத பிள்ளை கட்டத்திலும் தடுமாறும், x-லும் தடுமாறும். கட்டத்தில் தடுமாறினால் எங்கே என்று காட்டிக் கொடுக்கலாம். x-ல் காட்டுவது கஷ்டம். எப்படியும் தொடக்கநிலை ஆறில் பள்ளியிலேயே எளிய சமன்பாடுகளைத் தொடங்குகிறார்கள். அதுவரை அப்பாமார்கள் பொறுக்கலாம்.

அப்பாக்களை மட்டும் திட்டினால் நியாயமில்லை. துணைப்பாட நிலையங்கள் செய்வது இதைவிட மோசம்.

கட்டப்பட முறை துப்புச் சொற்களை ஒழிக்க வந்தது என்று பார்த்தோம். துணைப்பாட வகுப்புகளில் அந்தத் துப்புச் சொற்களே வேறு வேஷத்தில் திரும்ப வந்துவிட்டன. 'ரிமைண்டர் கான்செப்ட்', 'கான்ஸ்டன்ட் டோட்டல்', 'கான்ஸ்டன்ட் டிஃபரன்ஸ்', 'ஈக்வல் ஃப்ராக்ஷன்ஸ்', 'யூனிட்ஸ் அண்ட் பார்ட்ஸ்' என்று ஒவ்வொரு வகைக் கணக்குக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு செய்முறை. கணக்கைப் பார்த்ததும் இது எந்தப் பெட்டியைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்து, அந்தப் பெட்டியில் உள்ள படிகளை இறக்கிவைக்க வேண்டியதுதான். முன்பு 'மீதம்' என்றால் கழித்தல். இப்போது 'மீதி' என்றால் ரிமைண்டர் கான்செப்ட். என்ன வித்தியாசம்?

இந்தப் பெயர்கள் முழுக்க வீண் என்று சொல்லிவிட முடியாது. தேர்வில் நேரம் குறைவு, பார்த்தவுடன் வழி தெரிந்தால் பதற்றம் குறையும். நூறு கணக்கு தானே யோசித்துப் போட்ட பிள்ளை, "இவையெல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்று கடைசியில் ஒரு பெயர் வைத்தால் அந்தப் பெயருக்கு அர்த்தம் உண்டு. முதல் வகுப்பிலேயே பெயரைக் கொடுத்துவிட்டால்? கீழே உள்ள இரண்டு கணக்குகளைப் பாருங்கள்.

ஒன்று: ஒரு பெட்டியில் 200 பந்துகள். 60 விழுக்காடு நீலம், மற்றவை சிவப்பு. நீலப் பந்துகளில் சிலவற்றை வெளியே எடுத்த பிறகு பெட்டியில் 50 விழுக்காடு நீலம். எத்தனை பந்துகளை எடுத்தார்கள்?

இரண்டு: அதே பெட்டி, அதே 200 பந்துகள், அதே 60 விழுக்காடு நீலம். நீலப் பந்துகளில் சிலவற்றுக்குச் சிவப்பு வண்ணம் அடித்த பிறகு 50 விழுக்காடு நீலம். எத்தனை பந்துகளுக்கு வண்ணம் அடித்தார்கள்?

"60லிருந்து 50, பத்து விழுக்காடு குறைந்தது, 200ல் பத்து விழுக்காடு 20" என்று ஒரு பிள்ளை இரண்டுக்கும் ஒரே விடை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதுக்கு முழு மதிப்பெண். முதலாவதுக்குப் பூஜ்யம். ஏன்? வண்ணம் அடித்தபோது பெட்டியில் 200 பந்துகள் அப்படியே இருந்தன. 60 விழுக்காடும் 50 விழுக்காடும் ஒரே 200ல்தான், அதனால் ஒன்றிலிருந்து ஒன்றைத் தாராளமாகக் கழிக்கலாம். வெளியே எடுத்தபோது பெட்டியே இளைத்துவிட்டது. முதல் 60 விழுக்காடு 200ல். பின்னால் வந்த 50 விழுக்காடு வேறொரு மொத்தத்தில். அந்தப் பத்து விழுக்காட்டுக்கு அங்கே அர்த்தமே கிடையாது. எது மாறவில்லை என்று தேடினால் சிவப்பு, 80 பந்துகள். கடைசியில் அந்த 80தான் பாதி. நீலமும் 80. முதலில் 120 இருந்தது, ஆகவே எடுத்தது 40.

இரண்டு கணக்குக்கும் எண்கள் ஒன்று, சொற்களும் கிட்டத்தட்ட ஒன்று. வித்தியாசம் 'வெளியே எடுத்த', 'வண்ணம் அடித்த' என்ற இரண்டு வினைச்சொற்களில் மட்டும். பெட்டிகளின் பெயரை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இங்கே எது 'கான்ஸ்டன்ட்' என்று சொல்ல, கதையைப் படித்து அந்தப் பந்துகளை மனக்கண்ணால் பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டால் அப்புறம் பெயர் எதற்கு?

விழுக்காட்டில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். 2/5 பங்கு என்றால் 'பங்கு' என்ற சொல்லாவது "எதன் பங்கு?" என்று லேசாக நினைவூட்டும். 20 விழுக்காடு என்பது தனியாக, கம்பீரமாக, ஒரு பொருள்போலவே வந்து நிற்கிறது. பிள்ளைகள் என்ன, பெரியவர்களே ஏமாறுகிறார்கள். 20 விழுக்காடு தள்ளுபடி, அதற்கு மேல் உறுப்பினர்களுக்கு 10 விழுக்காடு என்று கடையில் எழுதியிருந்தால் மனசு முப்பது என்று கணக்குப் போட்டுவிடுகிறது. 100 வெள்ளிப் பொருள் முதலில் 80 ஆகும், அந்த 80ல் பத்து விழுக்காடு 8, ஆக 72. தள்ளுபடி 28 விழுக்காடுதான்.

உணவகத்தில் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். சிங்கப்பூரில் குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போனவர்களுக்கு இந்த 'பிளஸ் பிளஸ்' நன்றாகவே தெரியும். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இன்னொன்று பொருள் சேவை வரி, 2024 முதல் 9 விழுக்காடு. நூறு வெள்ளிக்குச் சாப்பிட்டால் 119 என்று எதிர்பார்ப்போம். ரசீதில் 119 வெள்ளி 90 காசு இருக்கும். அந்த 90 காசு எங்கிருந்து வந்தது? வரி நூறுக்கு இல்லை, சேவைக் கட்டணமும் சேர்ந்த 110க்கு. பயிற்சிப் புத்தகத்தில் முப்பது கணக்குப் போடுவதைவிட, அந்த 90 காசைப் பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்வது மேல். சாப்பாடு வரும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒரு வேலையும் ஆயிற்று.

திருப்பிப் போட்டால்தான் இன்னும் சுவாரசியம். வரி சேர்த்து ஒரு பொருளின் விலை 218 வெள்ளி. வரிக்கு முன் எவ்வளவு? கணிப்பானை எடுத்து 218ல் 9 விழுக்காடு கண்டுபிடித்து, 19.62ஐக் கழித்து 198.38 என்று எழுதுவது எளிது. (2009 முதல் பிஎஸ்எல்இ இரண்டாம் தாளில் கணிப்பானுக்கு அனுமதி உண்டு. தசமம் வந்தால் சந்தேகப்படும் நல்ல பழக்கத்தை அது கொஞ்சம் கெடுத்துவிட்டது என்றே தோன்றுகிறது.) 9 விழுக்காடு 218ல் இல்லை, வரிக்கு முந்தைய விலையில். அந்த விலை நூறு பங்கு, வரி ஒன்பது பங்கு, சேர்ந்தால் 109 பங்கு. 109 பங்கு 218 வெள்ளி என்றால் ஒரு பங்கு 2, நூறு பங்கு 200 வெள்ளி. பாருங்கள், இது மெய்லிங் கணக்கேதான். ஐந்து கட்டத்துக்குப் பதில் நூற்று ஒன்பது கட்டம்.

இந்த வரி 2023 தொடக்கத்தில் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனபோது "ஒரு விழுக்காடுதானே ஏறியிருக்கு" என்று சிலர் சொன்னார்கள். உண்மையில் எவ்வளவு ஏறியது? 107 வெள்ளியாக இருந்தது 108 ஆனது, வாங்குபவர் கொடுக்கும் தொகை ஒரு விழுக்காட்டுக்கும் கொஞ்சம் குறைவாக ஏறியது. வரித் தொகையை மட்டும் பார்த்தால் 7 வெள்ளி 8 ஆனது, ஏறக்குறைய 14 விழுக்காடு உயர்வு. இரண்டும் பொய் இல்லை. யாருக்கு எது வசதியோ அந்த 'முழுசை' எடுத்துக்கொண்டு பேசலாம். பதினொரு வயதில் "எதில்?" என்று கேட்கப் பழகாத பிள்ளை, நாற்பது வயதில் வங்கிக் கடன் விளம்பரத்தைப் படிக்கும்போது மட்டும் திடீரென்று கேட்டுவிடுமா என்ன?

இனி, தமிழ்க் குடும்பங்களுக்கு உள்ள ஒரு வசதி. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

பள்ளியில் கணக்கு ஆங்கிலத்தில். அதனால் தங்கள் ஆங்கிலத்தில் நம்பிக்கை இல்லாத அம்மாக்களும் தாத்தா பாட்டிகளும் கணக்குப் புத்தகத்தைக் கண்டால் ஒதுங்கிவிடுகிறார்கள். "எனக்கென்ன தெரியும், அப்பா வரட்டும்" என்பதோடு சரி. அவர்களிடம் இருப்பதோ இந்த வகைக் கணக்குக்கு ஆங்கிலத்தைவிடத் தோதான மொழி!

'மீதியில் மூன்றில் ஒரு பங்கு.' இதைச் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் மீதி. அடுத்து மூன்று. கடைசியில் ஒன்று. கட்டம் வரையும் வரிசையும் அதேதான்: மீதியை எடு, மூன்றாகப் பிரி, ஒன்றை எடுத்துக்கொள். வாக்கியமே செய்முறை. ஆங்கிலத்தில் இது தலைகீழ். ஒன்று முதலில் வரும், மூன்று அடுத்து, எதில் என்பது வால்போல் கடைசியில். அவசரத்தில் படிக்கும் பிள்ளையின் கண் முதலில் வரும் பின்னத்தைக் கவ்விக்கொள்கிறது, வாலை விட்டுவிடுகிறது. 180 பிறக்கும் இடம் அதுதான்.

தமிழில் 'ஐந்தில் இரண்டு' என்று சொல்லும்போது அந்த 'இல்' வேலை செய்கிறது. ஐந்து பங்கு இருக்கிறது, அதற்குள் இரண்டு என்று காதுக்கே கேட்கிறது. 'நூற்றுக்கு இருபது' என்றால் நூறு முன்னால் நிற்கிறது. 'அரைக்கால்' என்ற பழைய சொல் இன்னும் அழகு. காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. எதில் பாதி என்பது சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பாட்டிமார்கள் இதையெல்லாம் படித்துக் கற்கவில்லை, காய்கறிக் கடையிலும் பால்காரரிடமும் புழங்கியே கற்றார்கள்.

இது வெறும் மொழிப் பெருமை என்று தள்ள வேண்டாம். கொரிய மொழியிலும் பின்னத்தைக் கீழ் எண்ணிலிருந்துதான் சொல்வார்கள். பள்ளியில் பின்னம் படிக்கும் முன்பே கொரியப் பிள்ளைகள் பின்னப் பெயரையும் படத்தையும் நன்றாகப் பொருத்தினார்கள் என்று 1999ல் ஓர் ஆய்வு வந்தது. அது எல்லாமே மொழியால்தானா என்று 2003ல் வேறு இருவர் மறுபடி சோதித்துக் கேள்வி எழுப்பினார்கள். ஆனால் அந்தச் சோதனையிலும், அமெரிக்கப் பிள்ளைகளிடமே 'நான்கு பாகத்தில் ஒன்று' என்கிற மாதிரி ஆங்கிலத்தை மாற்றிச் சொன்னபோது அவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். மொழி மட்டுமே எல்லாம் செய்துவிடாது. சொல்லும் விதத்தை மாற்றினால் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது என்பதுவரை சரி.

ஆக, கணக்குத் தெரியாத அம்மா செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. "என்ன கேட்டிருக்காங்க, எனக்குத் தமிழ்ல சொல்லு பார்ப்போம்." அவ்வளவுதான். பிள்ளை ஆங்கிலக் கேள்வியைத் தமிழில் சொல்லத் தொடங்கினால், வாலில் இருந்ததைத் தலைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். "மெய்லிங் மூன்றில் ஒரு பங்கைத் தம்பிக்குக் கொடுத்தாள்" என்று பிள்ளை சொன்னால், "எதில?" என்று அம்மாவுக்கே கேட்கத் தோன்றும். வாக்கியம் மொட்டையாக நிற்கிறதே. அந்த ஒரு கேள்விக்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். தமிழ் தடுமாறும் பிள்ளைகளுக்கு இது இரட்டைச் சுமை என்று சிலர் சொல்லலாம். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னாலும் போதும், வரிசை மாறினால் சரி. தேர்வறையில் சத்தம் போட்டுச் சொல்ல முடியாதுதான். வீட்டில் ஐம்பது தடவை சொன்ன பிள்ளைக்கு அங்கே உதடு அசையாமலே வரும்.

இன்னொன்று, விடையைத் திருப்பிப் பார்ப்பது. 180 வெள்ளியில் ஐந்தில் இரண்டு 72. மீதி 108. அதில் மூன்றில் ஒன்று 36. மிச்சம் 72. கேள்வியில் 48. முக்கால் நிமிட வேலை இது. விடை வந்ததும் கோடு போட்டு மூடிவிடும் பழக்கத்தால் இந்த முக்கால் நிமிடத்தை யாரும் செலவழிப்பதில்லை. அடுத்த பயிற்சித்தாள் காத்திருக்கிறதே!

கடைசியாக, வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் கொடுத்துப் பார்க்க ஒரு கணக்கு. அலியின் பணத்தில் பாதியும் ரவியின் பணத்தில் மூன்றில் இரண்டும் சமம். இருவர் பணத்துக்கும் எத்தனை விழுக்காடு வித்தியாசம்?

பாதி என்பது நான்கில் இரண்டு. ஆகவே அலிக்கு நான்கு கட்டம், ரவிக்கு மூன்று கட்டம். இதுவரை இருவருக்கும் ஒரே படம்தான் வரும். பிறகு பெரியவன் 25 விழுக்காடு என்பான். சின்னவள் 33 1/3 என்பாள். அந்த ஒரு கட்டத்தைப் பெரியவன் அலியின் நான்கில் பார்த்தான், சின்னவள் ரவியின் மூன்றில் பார்த்தாள். அப்பாவைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டால், அவர் x என்று தொடங்குவதற்குள் கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிட வேண்டும். கேள்வியே மொட்டை. யாரோடு ஒப்பிட்டு என்று அதில் எழுதவே இல்லை.